கூடவே பறக்கும் குட்டித் துணைகள்: பிளாட்ஃபார்ம் கேம்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அழகாபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறைக்குச் சனி, ஞாயிறுகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கேம் விளையாட வருவார்கள். மே மாத வெயிலில் நாங்கள் ஏற்காடு போனால் கன்சோலும் எங்களோடு மலையேறும். தாவிக் குதித்து, மேடைக்கு மேடை ஏறி, பள்ளம் தாண்டிப் போகும் பிளாட்ஃபார்ம் கேம்கள்தான் எங்களிடம் அதிகம். அவற்றில் நாயகனின் தோளோரம் பறந்து வரும் தும்பி, மின்மினி, ஒளியுருண்டை, நட்சத்திரக்குட்டி, தேவதை என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதைப் பற்றிப் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் கேட்பவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

அத்தை, அந்தக் குட்டி எதுக்கு? சும்மா அழகுக்கா?

அழகுக்கு மட்டும் என்றால் எந்த கேம் நிறுவனமும் அதற்கு இவ்வளவு பாடுபடாது. உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டுவது, போக வேண்டிய திசையைச் சொல்வது, புதுச் சக்தி கொடுப்பது, எதிரியைத் தாக்குவது, ஆட்டத்தைச் சேமிப்பது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவருக்கும் ஒரு வேலை தருவது என்று அதன் தலையில் பல பொறுப்புகள் இருக்கின்றன. திரையின் மூலையில் எண்ணாகவும் பட்டையாகவும் எழுதிக் காட்ட வேண்டியதை ஓர் உயிர் கூடவே வந்து காட்டுகிறது. எண்ணை நாம் படிக்க வேண்டும். உயிர் வாடினால் பார்த்த மாத்திரத்தில் மனசுக்குத் தெரிந்துவிடும். இந்தக் குட்டிகளை நான் இவ்வளவு மதிப்பதற்கு அதுதான் காரணம்.

ஸ்பைரோவோட தும்பி ஏன் நிறம் மாறிட்டே இருக்கு?

அதுதான் ஸ்பைரோவின் உயிர். 1998-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த 'ஸ்பைரோ த டிராகன்' கேமை இன்சோம்னியாக் நிறுவனம் செய்தது. ஊதா நிற டிராகன் குட்டி ஸ்பைரோ, அதன் பக்கத்தில் ஸ்பார்க்ஸ் என்ற தும்பி. ஸ்பார்க்ஸ் பொன்னிறமாக இருந்தால் உயிர் முழுசாக இருக்கிறது. ஓர் அடி வாங்கினால் நீலம். இன்னொன்று வாங்கினால் பச்சை. மூன்றாவது அடியில் தும்பியே இருக்காது. அதற்குப் பிறகு விழும் அடி ஸ்பைரோ மேல்தான், ஆட்டம் போச்சு.

சரி, தும்பியை எப்படித் தேற்றுவது? அதற்குத் தீனி போட வேண்டும். புல்வெளியில் மேயும் ஆடு மாதிரியான சின்னப் பிராணிகளை ஸ்பைரோ நெருப்பால் ஊதினால் ஒரு பட்டாம்பூச்சி வெளியே வரும். ஸ்பார்க்ஸ் பறந்து போய் அதைத் தின்றால் நிறம் ஒரு படி மேலே ஏறும். ஆட்டைப் பார்த்து முதலில் முகம் வாடும் பிள்ளைகள்கூடக் கொஞ்ச நேரத்தில், "தும்பிக்குப் பசிக்குது, ஆடு எங்கே?" என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். உயிர்ப்பட்டையை நிரப்புவது ஒரு வேலை. ஒரு பிராணிக்குச் சோறு போடுவது அக்கறை. ஒரே கணக்கை அக்கறையாக மாற்றிக் காட்டியதற்காகவே ஸ்பார்க்ஸுக்கு என் பட்டியலில் முதலிடம்.

அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஸ்பைரோ பக்கத்தில் கிடக்கும் ரத்தினக் கற்களைத் தும்பி தானாகவே பொறுக்கி வந்துவிடும், ஒவ்வொன்றின் மேலும் நாம் ஏறி நிற்கத் தேவையில்லை. தும்பி போய்விட்டால் இந்த வசதியும் போய்விடும். உயிர் குறைந்திருக்கிறது என்பதைக் கை உணர்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 2018-இல் வந்த மறுபதிப்பில், இடது குச்சியை உள்ளே அழுத்தினால் மிச்சமிருக்கும் கல் எந்தப் பக்கம் என்று தும்பி காட்டும். கடைசிக் கல்லைத் தேடி அலுத்துப் போன பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லிக் கொடுங்கள்.

அதே கேமில் தேவதைகளும் வருதே, அவங்க யாரு?

முதல் ஸ்பைரோவில் கல்லாக நிற்கும் டிராகன்களை விடுவித்தால், அந்த மேடையில் ஒரு தேவதை வந்து நிற்பாள். அவளிடம் போனால் ஆட்டம் சேமிக்கப்படும். சில இடங்களில் தேவதை முத்தம் கொடுத்தால் ஸ்பைரோவின் நெருப்பு கொஞ்ச நேரத்துக்குப் பல மடங்கு வலுவாகும். 1999-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஸோயி என்ற தேவதை வழியில் ஆங்காங்கே நிற்பாள். அவளைக் கடந்த பிறகு உயிர் போனால் ஆட்டம் அவளிடமிருந்து தொடரும். மழை பிடித்தால் எந்த நேரமும் மின்சாரம் போகிற ஏற்காட்டில் எங்கள் பிள்ளைகள் தேவதையைக் கண்டால் விடவே மாட்டார்கள்.

இந்த வழக்கம் எப்போதிலிருந்து?

தொண்ணூறுகளில் நன்றாக வேரூன்றியது. 1995-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட 'ரேமேன்' கேமில் பெட்டில்லா என்ற தேவதை இருக்கிறாள். அவள் பின்னாலேயே வருபவள் அல்ல. முக்கியமான இடங்களில் தோன்றி, கையை நீட்டிக் குத்துவது, விளிம்பில் தொங்குவது, தலைமுடியைச் சுழற்றி மிதப்பது என்று ஒவ்வொரு சக்தியாகக் கொடுத்துவிட்டு மறைவாள். எலக்டூன் என்னும் உருண்டைக் குட்டிகள் அதில் கூண்டில் அடைபட்டிருக்கும். மொத்தம் 102 கூண்டுகள். எல்லாவற்றையும் உடைத்தால்தான் கடைசி இடத்துக்கே வழி.

கேம்கள் முப்பரிமாணத்துக்கு மாறிய பிறகு இந்தக் குட்டிகளின் தேவை இன்னும் கூடியது. தட்டையான திரையில் மேடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்த எதிரியை நாம் குறிவைக்கிறோம் என்று கண்ணால் கணிப்பது கடினம். 1998-இல் வந்த 'செல்டா: ஆக்கரினா ஆஃப் டைம்' பிளாட்ஃபார்ம் வகை அல்ல, ஆனாலும் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. அதில் நாவி என்ற ஒளித்தேவதை நாம் குறிவைத்ததன் மேல் போய் நிற்கும். எதிரி என்றால் மஞ்சள், பேசக்கூடிய ஆள் என்றால் நீலம். குறி எங்கே விழுந்திருக்கிறது என்பதில் அதன் பிறகு சந்தேகமே வராது.

பறக்கிற உருவம் செய்பவர்களுக்கும் சௌகரியம். நடக்கும் துணை என்றால் அதுவும் பள்ளம் தாண்ட வேண்டும், சுவரில் முட்டிக்கொண்டு பின்தங்காமல் இருக்க வேண்டும். பறப்பதற்கு இந்தத் தொல்லைகள் கிடையாது.

ரேமேனில் லம் எத்தனை நிறம்? எது எதுக்கு?

1999-இல் வந்த 'ரேமேன் 2' பற்றிச் சொல்கிறேன், நிறங்களை மிக அழகாகப் பயன்படுத்திய கேம் அதுதான். ரோபோ கடற்கொள்ளையர் உலகத்தின் இதயத்தை உடைத்துவிட, அது லம் என்னும் பறக்கும் ஒளிக்குட்டிகளாக, 1,000 மஞ்சள் லம்களாகச் சிதறிப்போகிறது. அவற்றைப் பொறுக்குவது நம் வேலை. சிவப்பு லம் உயிர் தரும். நீலம் தண்ணீருக்கடியில் மூச்சு தரும். பச்சையைத் தொட்டுவிட்டால் அடுத்த முறை அங்கிருந்து தொடங்கலாம். ஊதா லம் காற்றில் தொங்கும், அதைப் பிடித்து ஊஞ்சலாடித் தாண்டலாம். வெள்ளி லம் அபூர்வம், லை என்ற தேவதையின் சக்தி அதில் இருக்கிறது.

படிக்கத் தெரியாத நாலு வயதுக் குழந்தைகூட "நீலம் வந்துச்சு, இனி மூச்சு முட்டாது" என்று சொல்லிவிடும். விளக்கப் பலகை ஒன்றுகூட வேண்டியதில்லை.

எங்க ஆயா கேக்குறாங்க: இது சாமியா, காத்துக் கருப்பா?

இரண்டும் இல்லை என்று ஆயாவிடம் சொல்லுங்கள். இவற்றில் பலவற்றின் வேர் ஐரோப்பியக் கதைகளில் வரும் சிறகு முளைத்த தேவதைகள். மற்றவை கேம் செய்தவர்களின் சொந்தக் கற்பனை.

ஆனால் ஆயாவின் கேள்வி வெறும் கேள்வி அல்ல. 'சூப்பர் மாரியோ 3டி வேர்ல்ட்' ஓடிக்கொண்டிருந்தபோது ஸ்பிரிக்ஸி இளவரசிகள் எழுவர் என்று கேட்டதும், "நம்ம கன்னிமார் கணக்கா ஏழு பேரா?" என்று ஓர் ஆயா கேட்டார். ஓடைக் கரையிலும் மரத்தடியிலும் ஏழு கல் நட்டு மஞ்சள் பூசிக் கும்பிடும் கன்னிமார் நம் பக்கத்து ஊர்களில் உண்டு. எண்ணிக்கை ஒன்றுதான், உறவு வேறு. கன்னிமார் இடத்தைக் காப்பவர்கள், நாம் அவர்களிடம் வேண்டி நிற்கிறோம். 2013-இல் வந்த இந்த மாரியோவில் ஸ்பிரிக்ஸிகள் நம்மிடம் வேண்டி நிற்கிறார்கள். வில்லன் பவுசர் அவர்களைப் பிடித்துப் புட்டியில் அடைத்துவிடுகிறான். ஒவ்வொருத்தியாக மீட்டதும் அவள் அடுத்த உலகத்துக்குப் போகக் கண்ணாடிக் குழாய் அமைத்துத் தருகிறாள். உதவி இரண்டு பக்கமும் ஓடுவது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆயாவுக்கும் பிடித்திருந்தது. எத்தனையாவது பெண்ணை மீட்டோம் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரே கேம், ரெண்டு பிள்ளைகள், தினம் சண்டை. என்னங்க செய்யறது?

துணைக் குட்டியைச் சின்னவரிடம் கொடுத்துவிடுங்கள். பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2007-இல் நின்டெண்டோ வீ கன்சோலுக்கு வந்த 'சூப்பர் மாரியோ கேலக்ஸி'யில் லூமா என்னும் நட்சத்திரக்குட்டிகள் உண்டு. ஒரு குட்டி லூமா மாரியோவின் தொப்பிக்குள் புகுந்துகொள்ள, அதனால்தான் மாரியோவுக்குச் சுழன்று அடிக்கும் சக்தி கிடைக்கிறது. அதில் இரண்டாவது ஆள் இன்னொரு ரிமோட்டைத் திரையை நோக்கிப் பிடித்து நட்சத்திரத் துகள்களைப் பொறுக்கலாம், எதிரிகள் மேல் எறியலாம், சில எதிரிகளை அசையவிடாமல் பிடித்து வைக்கலாம். 2010-இல் வந்த இரண்டாம் பாகத்தில் இரண்டாவது ஆளுக்கே ஆரஞ்சு நிற லூமா ஒன்று கிடைத்தது. அது எதிரியை அடிக்கவும் பொருள்களை எடுத்து வரவும் செய்யும். 2017-இல் வந்த 'சூப்பர் மாரியோ ஒடிசி'யில் கேப்பி என்ற தொப்பி உயிரை இரண்டாவது ஆள் இயக்கலாம். கேப்பி தன் தங்கையைத் தேடி மாரியோவோடு வருகிறது என்பதையும் சின்னவரிடம் சொல்லுங்கள், பொறுப்பு கூடும்.

இந்த இருக்கையில் உட்காருபவர் பள்ளத்தில் விழமாட்டார். குதிக்கும் நேரம் தப்பினால் அண்ணன் திட்டுவானே என்ற பயம் இல்லை. ஆனால் அவர் செய்வது திரையில் தெரியும், அண்ணனுக்கு நிஜமாகவே உதவும். விளையாட்டே பழகாத அப்பா அம்மாவுக்கும் இந்த இருக்கைதான் சரி. ஐந்து வயதுப் பேத்தி மாரியோவை நடத்த, தாத்தா துகள் பொறுக்கிக் கொடுக்கும் வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். 'சும்மா கையில் வைத்திரு' என்று இணைக்காத ரிமோட்டைக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள். கண்டுபிடித்துவிடும், மனசு உடைந்துபோகும். உண்மையான வேலை தரும் கேம் இருக்கும்போது பொய்யான ரிமோட் எதற்கு?

லூமா கதை புத்தகம் படிச்சதும் பாப்பா அழுதா. நிறுத்திடலாமா?

வேண்டாம். கேலக்ஸியில் ரோசலினா என்பவள் லூமாக்களுக்குக் கதை படிப்பாள், ஒவ்வோர் அத்தியாயமாகத் திறக்கும். அம்மாவைக் காணாமல் காத்திருக்கும் ஒரு லூமாவைச் சிறுமி ரோசலினா சந்திக்கிறாள். இருவரும் விண்கலத்தில் தேடிப் போகிறார்கள். ஒரு கட்டத்தில், தன் அம்மா இனித் திரும்ப மாட்டாள் என்பதை அவள் உணர்கிறாள். அழவைக்கும் இடம்தான். அதைத் தாண்டினால் அவளே லூமாக்களுக்குத் தாயாக நிற்கும் இடம் வரும். பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். கதை முழுவதும் படிக்காமலும் ஆட்டத்தை முடிக்கலாம், ஆனால் படிக்கத் தகுந்தது.

'ஓரி' விளையாடலாமா? பார்க்க இருட்டா இருக்கே.

பத்து வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. மூன் ஸ்டூடியோஸ் செய்த 'ஓரி அண்ட் த பிளைண்ட் ஃபாரஸ்ட்' 2015-இல் வந்தது. ஓரி ஒரு வெள்ளைக் குட்டிப் பிராணி. அதோடு செயின் என்ற ஒளியுருண்டை மிதந்து வரும். ஓரிக்கு வழிசொல்வது, காட்டின் கதையைச் சொல்வது, அருகில் வரும் எதிரியைச் சுடுவது மூன்றும் செயின்தான். நாம் பொத்தானை அழுத்தினால் போதும், குறியை அதுவே பார்த்துக்கொள்ளும். அதனால் நம் கவனமெல்லாம் குதிப்பதிலேயே இருக்கலாம். ரொம்பத் தேர்ந்த வேலைப் பங்கீடு.

ஆனால் நான் இந்தக் கேமைப் பெரிதாக நினைப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. (கதை தெரியக் கூடாது என்பவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்.) நம்மைத் துரத்தும் குரோ என்ற பெரிய ஆந்தை கெட்டது போலத்தான் முதலில் தெரியும். ஒளிமரம் ஓரியைத் தேடி எழுப்பிய பெரும் வெளிச்சத்தில் குரோவின் குஞ்சுகள் மாண்டுபோனதால்தான் அது மரத்தின் ஒளியைப் பறித்தது என்று பிறகு தெரியவருகிறது. அந்த ஒளிதான் செயின். நமக்கு உதவும் வெளிச்சமே இன்னொருவர் வீட்டை எரித்திருக்கிறது. துணைக் குட்டியை வெறும் நல்லதாக வைக்காமல் அதற்கு இப்படி ஒரு பாரத்தைக் கொடுத்த கேம் வேறு எனக்கு நினைவில்லை.

சில குட்டிகள் ஓயாமல் பேசுதே, வாயை மூட முடியாதா?

பெரும்பாலும் அமைப்புப் பக்கத்தில் குறிப்புகளை நிறுத்த வழி இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். எப்போது பேச வேண்டும் என்று தெரிந்த துணைதான் நல்ல துணை. 'ரேமேன் 2'-இல் மர்ஃபி என்ற பறக்கும் குட்டி ஆசாமி எதை எப்படிச் செய்வது என்று விளக்குவான். அதே மர்ஃபியை 2013-இல் 'ரேமேன் லெஜண்ட்ஸ்' வேறு மாதிரி வைத்தது. அங்கே அவன் கயிறு வெட்டுகிறான், மேடையை இழுக்கிறான், எதிரிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுகிறான். வீ யூ கன்சோலில் இன்னொருவர் தொடுதிரையில் அவனை இயக்கலாம். பேச்சைக் குறைத்து வேலையைக் கொடுத்ததும் பிள்ளைகளுக்கு அவன் மேல் பிரியம் வந்துவிட்டது.

லேப்டாப் மட்டும்தான் இருக்கு. எதெல்லாம் ஓடும்?

ஓரி, ரேமேன் லெஜண்ட்ஸ், ஸ்பைரோவின் மறுபதிப்பு, சைல்ட் ஆஃப் லைட் எல்லாம் கணினியில் உண்டு. மாரியோ, செல்டா கேம்களுக்கு நின்டெண்டோ கன்சோல்தான் வேண்டும். ஒரு கன்ட்ரோலர் வாங்கிக்கொள்ளுங்கள், விசைப்பலகையில் குதித்தால் விரல் நோகும்.

நான் காலேஜ்ல சொந்தமா கேம் செய்யறேன். ஏற்காடுதான் களம், மின்மினி துணை. எப்படிப் பறக்க வைக்கணும்?

இந்தக் கேள்வி வந்த அன்று எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லி மாளாது.

மின்மினியை நாயகன் மேல் ஒட்டிவைக்காதே. அவன் தோளுக்குச் சற்றுப் பின்னால் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்தப் புள்ளிக்கும் மின்மினிக்கும் உள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் நகர்த்து. 100 பிக்சல் இடைவெளி என்றால் முதலில் 10 நகரும், அடுத்து 9, பிறகு 8.1. ஏழு ஃபிரேமில் இடைவெளி பாதிக்கும் கீழே வந்துவிடும். இதனால் புறப்படும்போது வேகமாகவும் சேரும்போது மெதுவாகவும் உயிருள்ளது போலப் பறக்கும். அதோடு சைன் அலையால் மேலும் கீழும் கொஞ்சம் ஆடவிடு. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கணினியில் சரியாக இருப்பது 30 ஓடும் கணினியில் பாதி வேகத்தில் இழுக்கும், ஆகவே கணக்கில் கழிந்த நேரத்தைச் சேர்க்க மறக்காதே. ரொம்பத் தூரம் பின்தங்கிவிட்டால் திரைக்கு வெளியே இருக்கும்போதே பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடு.

உயிரை நிறத்தால் மட்டும் காட்டாதே. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள், ஆண் பிள்ளைகளில் கூடுதல். வெளிச்சத்தின் அளவையும் சேர்த்துக் குறை. ஏற்காட்டின் பனிமூட்டம் உனக்குக் கிடைத்த வரம். மூட்டத்தில் மின்மினியின் வெளிச்ச வட்டம் மட்டும்தான் தெரியும் என்று வை. அடி வாங்க வாங்க வட்டம் சுருங்கட்டும். அப்போது உயிர் குறைவதும் வழி தெரியாமல் போவதும் ஒன்றாகிவிடும்.

களத்துக்கும் நீ எங்கும் தேட வேண்டாம். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, அதுவே 20 கட்டம். சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடி, மரத்தைச் சுற்றிய மிளகுக் கொடி எல்லாம் ஏறி இறங்க மேடைகள். கிளியூர் அருவியில் கீழ்நோக்கிப் போகும் கட்டம் ஒன்று வை. சேர்வராயன் கோயில் குறுகலான இருட்டுக் குகை. நம் மக்கள் கும்பிடும் இடம் அது, அதற்குள் சண்டை வைக்காதே. மின்மினி முழு வெளிச்சம் பெறும் இடமாக அதன் வாசலை வைக்கலாம்.

சைல்ட் ஆஃப் லைட் கேமை ஒருமுறை விளையாடிப் பார். 2014-இல் வந்தது. அதில் இக்னிகுலஸ் என்ற மின்மினியைத் தனிக் குச்சியாலோ இரண்டாவது ஆளாகவோ இயக்கலாம். காயம் ஆற்றும், எதிரியின் கண்ணைக் கூசவைத்து வேகத்தைக் குறைக்கும், எட்டாத பெட்டியைத் திறக்கும். எதையும் தானே கொல்லாது. உன் மின்மினிக்கு வேலைப் பட்டியல் எழுதும்போது இது உதவும்.

ஆறு வயசுப் பையனுக்கு எதில் ஆரம்பிக்கலாம்?

கேலக்ஸியில் இரண்டாவது இருக்கை முதலில். கை பழகியதும் ஒடிசியில் உதவி முறையைப் போட்டுக்கொடுங்கள். போக வேண்டிய பக்கத்தை அம்புக்குறி காட்டும், பள்ளத்தில் விழுந்தாலும் குமிழிக்குள் வைத்து மேலே கொண்டுவந்துவிடும். பிறகு ஸ்பைரோ. ஓரியை நான்கைந்து வருடம் தள்ளி வையுங்கள்.